மாடியில் போனுக்கு வருகிற வைஃபை லேப்டாப்புக்கு ஏன் வரவில்லை?

6 நவம்பர் 2023, காலை

தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"கீழ்வீட்டில் ரௌட்டர். மாடி ரூமில் போனில் யூடியூப் ஜோராக ஓடுகிறது. அதே கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால் ஒரு கோடு வருகிறது, போகிறது. லைன் கொடுத்தவர்களுக்கு நாலு தடவை போன் போட்டாச்சு, எங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். லேப்டாப்பை ஆன் பண்ணினால் கீழே டிவியும் நின்று நின்று ஓடுகிறது என்று வீட்டில் சண்டை வேறு. பெரிய பிளானுக்கு மாறிவிடலாமா?"

பிளானைத் தொடாதீர்கள். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. தெருக் கம்பத்திலிருந்து ரௌட்டர் வரை வயரில் வருவது ஒன்று, ரௌட்டரிலிருந்து லேப்டாப் வரை காற்றில் வருவது இன்னொன்று. போனில் படம் ஓடுகிறது என்றால் முதலாவது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதுதான் நொண்டுகிறது. 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் அது மாடிப்படி ஏறாது.

முதலில் லேப்டாப்புக்கு வைஃபையின் எந்த அலைவரிசை தெரியும், 2.4 ஜிகாஹெர்ட்ஸா 5-ஆ, என்று பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து "netsh wlan show drivers" என்று அடித்தால் ஒரு நீளப் பட்டியல் வரும். அதில் 802.11 என்று ஆரம்பிக்கும் வரியில் பி, ஜி, என் மட்டும் இருந்தால் அந்த லேப்டாப்புக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ஏ அல்லது ஏசி இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸும் தெரியும். உங்கள் போன் 5-ல் இருக்கலாம், லேப்டாப் 2.4-ல் நெரிசலில் மாட்டியிருக்கலாம்.

டிவி நிற்பது தற்செயல். அதை விடுங்கள்.

6 நவம்பர், இரவு

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் 5ஜியும் ஒன்றா? இல்லை. 5ஜி என்பது செல்போன் டவரின் ஐந்தாம் தலைமுறை. இது வீட்டு ரௌட்டரின் அலைவரிசை. சில ரௌட்டர்கள் தங்கள் பெயரின் பின்னால் "5ஜி" என்று ஒட்டிக்கொண்டு வருவதால் வந்த குழப்பம். நான் என் ரௌட்டரில் அந்த வாலை அழித்துவிட்டேன்.

8 நவம்பர்

தண்டையார்பேட்டை நண்பர் பட்டியல் அனுப்பியிருக்கிறார். பி, ஜி, என். அதாவது 2.4 மட்டும்.

இன்று பழைய வண்ணாரப்பேட்டையில் என் ரூமிலிருந்து எண்ணிப் பார்த்தேன். 2.4-ல் 23 வைஃபை பெயர்கள். எங்கள் தெருவில் எதிர் வீட்டு ஜன்னல் வழியாகத் தோசைக்கரண்டியை நீட்டி வாங்கலாம், அவ்வளவு அகலம். அலைவரிசைக்குள் போட்டிருக்கும் தடம்தான் சேனல். 23-ல் 14 பேர் 1ஆம் சேனல்.

2.4-ல் இந்தியாவில் 13 சேனல்கள். கேட்க நிறையத் தோன்றும். ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் ஒவ்வொரு ரௌட்டரும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பரவி உட்காரும். ஷேர் ஆட்டோ சீட்டு போலத்தான், மூன்று பேர் உட்காரும் இடத்துக்கு நம்பர் மட்டும் பதின்மூன்று. ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார முடிவது 1, 6, 11 மூன்றும்தான். 2.4-ல் அகலத்தை 40 என்று வைத்திருந்தால் 20-க்கு இறக்குங்கள். இந்த நெரிசலில் 40 போடுகிறவன் ஜன்னலோரமாகக் காலை அகட்டி உட்காருகிறவன்.

இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் கிடையாது, அதனால் வந்த கூட்டம் இது. புளூடூத் அதில்தான். கம்பியில்லா மவுஸ் அதில்தான். மைக்ரோவேவ் அடுப்பு 2.45-ல் சூடு பண்ணுகிறது.

சேனலையும் அகலத்தையும் மாற்றும் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்கு பிரவுசரில் அடிக்க வேண்டியது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பாஸ்வேர்ட் ரௌட்டரின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும்.

9 நவம்பர்

பெரம்பூர் அண்ணன் சொல்கிறார்: "1, 6, 11 எல்லாம் ஊரே போடும். 13-ல் ஒருத்தரும் இல்லை. அதைப் போடச் சொல்லு."

போட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. 11-ல் உட்கார்ந்திருப்பவர்களோடு தோள் உரசும், ஆனாலும் 1ஆம் சேனல் சந்தைக்கு இது தேவலை. தண்டையார்பேட்டை நண்பரே, 13 போடுங்கள்.

9 நவம்பர், இரவு

ஒரு சின்னத் திருத்தம். அமெரிக்காவில் 11-க்கு மேல் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. அங்கே விற்ற சில லேப்டாப்களுக்கு 12, 13 கண்ணுக்கே தெரியாது. வைஃபை பெயரே பட்டியலில் வராது. உங்களுடையது இங்கே வாங்கியது என்றால் கவலையில்லை.

10 நவம்பர்

ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு "பீரோ மேலே, சுவரோரமாக" என்கிறார். ஸ்டீல் பீரோ, கண்ணாடி வைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருப்பதும் உலோகம். இறக்கி நடுக்கூடத்தில் வைக்கச் சொன்னேன். அவருடைய மாடித் தளம் கான்கிரீட், உள்ளே கம்பி வலை. ராயபுரம் பக்கம் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளில் தேக்கு உத்திரமும் செங்கலும் சுண்ணாம்பும்தான், கம்பி இல்லை. என் அத்தை வீட்டில் கீழே ரௌட்டர் வைத்தால் மொட்டை மாடியில் வடாம் காயப்போடும் இடம் வரை வருகிறது.

ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த ஒன்று. எங்கள் வீட்டில் கூடத்துக்கும் என் ரூமுக்கும் நடுவில் சமையலறைச் சுவரோரம் இரண்டு நீல டிரம் நிற்கும், மெட்ரோ வாட்டர் பிடிக்க. சில நாள் என் லேப்டாப்பில் சிக்னல் 74 சதவீதம், சில நாள் 58. காரணமே புரியாமல் ரௌட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் தேதி போட்டு எழுதி வைத்துப் பார்த்தால், லாரி வந்த நாள் எல்லாம் 58. டிரம் காலியாகக் காலியாக ஏறி மூன்றாம் நாள் 74. தண்ணீர் இந்த அலையை நன்றாகக் குடித்துவிடும். அம்மாவிடம் டிரம்மை நகர்த்தலாமா என்று கேட்டேன். ரௌட்டரை நகர்த்து என்றார். நகர்த்தினேன்.

13 நவம்பர்

தீபாவளி முடிந்து பதில் வந்திருக்கிறது. ரௌட்டரை இறக்கியாயிற்று, 13 போட்டாயிற்று, அகலம் 20. மாடியில் மாற்றமில்லை. லேப்டாப்பை ரௌட்டர் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தால் 52 சதவீதம் காட்டுகிறதாம்.

டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள், பழசாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் கொடுங்கள். அங்கேயே பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் "மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை நிறுத்தலாம்" என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள்.

17 நவம்பர்

ராயபுரத்திலிருந்து வேறொருவர்: 5 ஜிகாஹெர்ட்ஸ் திடீரென்று மறைந்து ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப வருகிறதாம். ஹார்பர் பக்கம் வீடு. கப்பலா, ராடாரா?

ராடார்தான். 5 ஜிகாஹெர்ட்ஸில் நடுவில் உள்ள சேனல்களை வானிலை ராடார்களும் பயன்படுத்தும். ரௌட்டருக்கு ராடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு வேறு சேனலுக்கு ஓட வேண்டும். புது இடமும் அதே வகையாக இருந்தால் 60 விநாடி காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். சென்னைத் துறைமுகத்திலேயே வானிலை ராடார் இருக்கிறதே.

18 நவம்பர்

தப்பு. நேற்று எழுதியதில் பாதி வாபஸ். துறைமுகத்து வானிலை ராடார் எஸ்-பேண்ட் வகை, 3 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே. கப்பல் ராடார்கள் 3-ஐ ஒட்டியும் 9.4-ஐ ஒட்டியும். எதுவும் 5-ல் இல்லை. ரௌட்டர்கள் சில சமயம் கயிற்றைப் பாம்பென்று நினைத்து ஓடுவதுண்டு, இது அதுதான் போலிருக்கிறது. ராயபுரத்துக்காரரின் ரௌட்டர் ஆட்டோவில் 100ஆம் சேனலில் இருந்தது. 36, 40, 44, 48 அல்லது 149-லிருந்து மேலே உள்ளவற்றில் இந்தக் காது கொடுக்கும் வேலை இல்லை. 149 போட்டார். மறைவது நின்றது.

துறைமுகத்தைச் சந்தேகப்பட்டதற்கு ஹார்பரில் வேலை பார்க்கும் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நியாயம்தான்.

24 நவம்பர்

காசிமேட்டில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். விசைப்படகில் போகிறவர். படகில் வயர்லெஸ் செட் உண்டு. வைஃபை எப்படி வேலை செய்கிறது என்று அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே அவர் எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு சேனல்ல இருபது போட் இருக்கும். ஒருத்தன் பேசினா மத்தவன் வாயை மூடணும். ரெண்டு பேர் சேர்ந்து பேசினா ரெண்டும் போச்சு. முதல்ல காதைக் குடுத்துக் கேக்கணும், யாரும் பேசலைன்னா அப்புறம் நீ பேசு."

வைஃபை அச்சு அசல் இதுதான். ரௌட்டர், போன், டிவி, லேப்டாப் எல்லாம் ஒரே சேனலில், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம். எனக்குப் பொறி தட்டியது அவர் அடுத்துச் சொன்னதில்தான்.

"தூரத்துல ஒருத்தன் இருப்பான். அவன் சொல்றது கொரகொரன்னு கேக்கும். திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லுன்னு நாலு தடவை. அவன் ஒருத்தன் முடிக்கிற வரைக்கும் நாங்க பதினெட்டு பேரும் சும்மா உக்காந்திருக்கணும்."

நவம்பர் 6ஆம் தேதி காலையில் நான் எழுதியது: "டிவி நிற்பது தற்செயல். அதை விடுங்கள்."

தற்செயல் இல்லை. லேப்டாப்புக்குச் சரியாகக் கேட்காததால் ரௌட்டர் அதனிடம் மெதுவாக, திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் முழுக்க டிவி வாயை மூடிக் காத்திருக்கிறது. அவர் வீட்டில் சொன்னது சரி. சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் டிவி பக்கம்.

நண்பரே, டிவி 5-ல் சேருமா என்று பாருங்கள். இரண்டு பேரையும் வேறு வேறு சேனலில் விட்டால் சண்டையாவது குறையும்.

25 நவம்பர்

டிவிக்கும் 2.4 மட்டும்தானாம். லேன் கேபிள் ஒன்று வாங்கி டிவியை ரௌட்டரோடு நேராக இணைக்கச் சொன்னேன். இரண்டடி தூரம். இதற்கு இத்தனை நாள் காற்றில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

9 டிசம்பர்

இப்போதுதான் கரண்ட், லைன் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வியாசர்பாடி, பட்டாளம் பக்கம் இருந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள், அவர்களுக்கு அதைவிட மோசம். எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெய் வேறு.

அந்த நாட்களில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தேன். ஒரு மெயில் அனுப்பத்தான். கால் மணி நேரத்தில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. வைஃபை கிடைத்த சந்தோஷத்தில் விண்டோஸ் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ஹாட்ஸ்பாட்டை இணைத்த கையோடு அதன் ப்ராப்பர்டீஸில் போய் "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்று போடுங்கள். அப்புறம் பெரிய அப்டேட்களை அதுவாகத் தொடாது.

அடுத்த நாள் முதல் ஹாட்ஸ்பாட்டையே விட்டுவிட்டு யூஎஸ்பி வயரில் டெதரிங் போட்டேன். போன் சூடாவது குறைந்தது, லேப்டாப் பேட்டரியில் இருந்து போனும் கொஞ்சம் ஏறியது. லேப்டாப் பேட்டரி சீக்கிரம் செத்தது, அது வேறு விஷயம்.

தங்கையின் பழைய லேப்டாப்பில் வந்ததுதான் விசித்திரம். பரணில் கிடந்ததை எடுத்துப் போட்டோம். ஹாட்ஸ்பாட் இணைந்தது, சிக்னல் முழுசு, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. "பாதுகாப்பில்லாத இணைப்பு" என்று மட்டும் வருகிறது. அரை மணி நேரம் பாஸ்வேர்டை மாற்றி, மறந்து, மறுபடி போட்டு... மூலையில் கடிகாரத்தைப் பார்த்தது தங்கைதான். 1 ஜனவரி 2013. உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்குமே, சிஆர்2032, அது தீர்ந்து லேப்டாப் பத்து வருடம் பின்னால் போய்விட்டது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2013-ல் இருக்கும் லேப்டாப்புக்கு 2023-ல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது.

11 டிசம்பர்

திருவொற்றியூர் அக்கா கேட்கிறார்: போன் ஹாட்ஸ்பாட் பெயர் மற்றவர் போனில் தெரிகிறது, தன் லேப்டாப்பில் தெரியவில்லை. ஹாட்ஸ்பாட் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும். செட்டிங்ஸில் 2.4-க்கு மாற்றுங்கள் அக்கா. ஐபோன் 12-லிருந்து அது "மேக்சிமைஸ் கம்பேடிபிலிட்டி" என்ற பெயரில் ஒளிந்திருக்கும்.

3 ஜனவரி 2024

கொஞ்சம் விலகிப் போகிறேன். என் கம்பியில்லா மவுஸ் ஒரு வாரமாகத் தத்தித் தத்தி நகர்ந்தது. செல் மாற்றினேன், மேஜை மாற்றினேன். யூஎஸ்பி 3-ல் மாட்டியிருந்த வெளி ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டது. யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும். 2012-லேயே இன்டெல் இதை அளந்து எழுதியிருக்கிறது. மவுஸின் குட்டி ரிசீவர் ஹார்ட் டிஸ்க் வயருக்குப் பக்கத்துத் துளையில் இருந்தது. மறுபக்கத்துக்கு மாற்றினேன்.

தண்டையார்பேட்டை நண்பரிடம் ஓடிப்போய் "லேப்டாப்பில் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லையாம்.

20 ஜனவரி

பொங்கல் கழித்து வந்து சாவகாசமாக எழுதுகிறார்: "போன ஆகஸ்டில் மூடி ஹிஞ்ச் உடைந்து கடையில் மாற்றினேன். அதற்கு முன்னால் மாடியில் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?"

இரண்டரை மாதம்!

20 ஜனவரி, சற்று நேரம் கழித்து

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. லேப்டாப் எப்போதிலிருந்து இப்படி என்று நான் கேட்கவே இல்லை. போதாக்குறைக்கு நவம்பர் 13-ல் பதிலை என் கையிலேயே கொடுத்திருக்கிறார். ரௌட்டர் பக்கத்தில் வைத்தும் 52 சதவீதம். பக்கத்தில் வைத்தால் எந்த லேப்டாப்பும் 95-க்கு மேல் காட்டும். விண்டோஸ் சதவீதத்தைப் பாதியாக்கி நூறைக் கழித்தால் சிக்னலை அளக்கும் டிபிஎம் கணக்கு ஏறக்குறைய வரும், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் மெலிவு. 52 என்றால் மைனஸ் 74. ரௌட்டரை முகர்ந்து பார்க்கும் தூரத்தில் மைனஸ் 74 வருவதற்கு டிரைவர் எப்படிக் காரணமாகும்? நான் டிரைவர் என்று எழுதிவிட்டுத் தீபாவளி முறுக்கு சாப்பிடப் போய்விட்டேன்.

லேப்டாப்பின் வைஃபை ஆன்டெனா கீழ்ப்பெட்டியில் இல்லை. பெரும்பாலானவற்றில் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர்கள், கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, ஹிஞ்ச் வழியாக இறங்கி கீழே வைஃபை கார்டில் மாட்டும். ஹிஞ்சைக் கழற்றுகிறவர் இந்த இரண்டையும் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்ப மாட்ட மறந்தாலும் லேப்டாப் ஆன் ஆகும், வைஃபை பெயர்கள் தெரியும், பக்கத்தில் வைத்தால் இணையும். அதனால் கடையில் சோதித்துப் பார்த்தபோது ஒன்றும் தெரிந்திருக்காது. அங்கே ரௌட்டர் தலைக்கு மேலேயே இருந்திருக்கும்.

28 ஜனவரி

ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் நினைத்ததைவிடப் பெரியவர், என் அப்பா வயது. இத்தனை நாள் நண்பரே நண்பரே என்று எழுதிக்கொண்டிருந்தேன். இனி சார்.

பேட்டரியை எடுத்துவிட்டு அடிமூடியைக் கழற்றினோம். பதினொரு ஸ்க்ரூ, சாப்பாட்டுத் தட்டில் அவை இருந்த வரிசையிலேயே வைத்தேன். வெள்ளை வயர் கார்டில் மாட்டாமல் விசிறிப் பக்கம் சுருண்டு கிடந்தது. நுனியில் மிளகைவிடச் சின்னதாகத் தங்க நிறப் பொட்டு, அதுதான் மாட்டும் இடம். கறுப்பு மாட்டித்தான் இருந்தது, ஆனால் ஹிஞ்சுக்கு அடியில் மாட்டி நசுங்கி, உள்ளே இருக்கும் பின்னல் கம்பி வெளியே தெரிந்தது. ஒவ்வொரு முறை மூடியைத் திறந்து மூடும்போதும் ஹிஞ்ச் அதைக் கடித்திருக்கிறது.

வெள்ளையைச் சரியாக நேர் மேலே வைத்து விரலால் அழுத்தினால் "டிக்" என்று உட்கார வேண்டும். சாய்த்து அழுத்தினால் பொட்டு நசுங்கிவிடும். எனக்கு நாலாவது முயற்சியில் உட்கார்ந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், அவருக்கு வியர்த்துவிட்டது.

வெள்ளை மட்டும் மாட்டியதும் ரௌட்டர் பக்கத்தில் 96. வேகம் 72 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. இரண்டு ஆன்டெனா உள்ள கார்டுக்கு 20 அகலத்தில் 144 வர வேண்டும். கறுப்புக்குப் புது ஆன்டெனா வயர் வேண்டும். ரிச்சி தெருவில் கிடைக்கும், திரைச்சட்டத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். அதை நான் தொட மாட்டேன் என்றேன். அவரும் தொட வேண்டாம் என்றார், கொஞ்சம் வேகமாகவே.

4 பிப்ரவரி

ரிச்சி தெருவில் போட்டாயிற்று. கூலியோடு 600 ரூபாய். ரௌட்டர் பக்கத்தில் 99, மாடிக் கட்டிலில் 71, வேகம் 144. டிவி இப்போது லேன் கேபிளில் இருப்பதால் அதற்கு எதுவும் தெரியாது.

11 பிப்ரவரி

சாரிடமிருந்து மறுபடி: மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறாராம். புத்தம் புது லேப்டாப். வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற வைஃபை பெயர் அவருக்கு மட்டும் பட்டியலிலேயே வரவில்லையாம். ஆன்டெனா வயராக இருக்குமோ, கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

சார், ஸ்க்ரூ டிரைவரை உள்ளே வையுங்கள். நவம்பர் 9, இரவுக் குறிப்பு. 13-ஐ 11 ஆக்குங்கள்.